‘ப’வுக்குப் பிறகு அழைப்பு இல்லை

கார்த்திகை 11, செவ்வாய்

விடியவே மழை. படியேறி அலுவலகம் வருவதற்குள் சப்பாத்துக்குள் தண்ணீர். கீழே ஹாட்வெயார் கடைக்காரர் சீமெந்துப் பைகளை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார். கிளிநொச்சி முழுக்க இரணைமடுக் குளத்துக் கதைதான். எங்கள் ஊர்ச் சின்னக் குளம் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை.

காலையில் எங்கள் குளத்தின் வான்கதவை இரண்டு அங்குலம் திறந்தார்கள், சும்மா ஒரு பரீட்சைக்கு. எங்கள் ப்ரோகிராமுக்கும் அதுதான் முதல் பரீட்சை. அதன் வேலை பெரிதில்லை. கதவு திறக்கமுன் குளத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்து, பதிந்து வைத்த குரலைக் கேட்கச் செய்யவேண்டும். போன் நிறுத்தி இருந்தால் அந்த வீட்டார் சொன்ன மாற்று ஆளைத் தேடவேண்டும். அதைக்கூடச் செய்யவில்லை, சனியன்.

முதலில் அன்னலட்சுமி மாமியிடமிருந்து போன். பட்டியலில் முதல் பேர் அவாவுடையதுதான்.

"பிள்ளை, என்ன விளையாட்டோ? உன்ர மிசின் ஓயாமல் எடுக்குது, தண்ணி வருது தண்ணி வருதெண்டு. விளங்கீற்று, வை எண்டு சொல்லிப்போட்டன், கேக்குதில்லை. கோழிக்குத் தீன் போட விடுதில்லை."

"மாமி, அது பதிஞ்சு வைச்ச குரல். நீங்கள் சொல்லுறது அதுக்குக் கேளாது."

"அப்ப நீ கேள்! என்ர பேர் ‘அ’வில துடங்கினது என்ர பிழையே?"

சிரித்துக்கொண்டுதான் வைத்தேன். அடுத்தது ராமையா அண்ணன். மலையகத்திலிருந்து வந்து வாய்க்கால் ஓரம் குடியிருப்பவர். "எனக்குப் போனே வரலீங்கம்மா. கட்டியிருந்த ரெண்டு ஆட்டையும் தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிருச்சு." சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஆக, ப்ரோகிராம் நடுவில் எங்கேயோ விழுந்து, தானே எழும்பி, மறுபடி ‘அ’விலிருந்து தொடங்கியிருக்கிறது. திரும்பத் திரும்ப. விழுந்தால் தானே எழும்பு என்பது இந்த அறையில் என்னோடு இருக்கும் ஒரே பிறவி சுதன் போட்ட ஏற்பாடு. ‘ப’வுக்குப் பிறகு ஒரு வீட்டுக்கும் அழைப்பு இல்லை. அம்மாவுக்கும் போகவில்லை. அம்மாவின் வீடும் அங்கேதான், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்.

எங்கே விழுந்தது என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸைத் தேடினேன். நடந்ததை எழுதிவைக்கும் லொக் கோப்பில் ஒரேயொரு வரி: ‘சிறு தடங்கல். மன்னிக்கவும்.’

"இதென்னடா இது?"

"கமக்காரர் அமைப்புத் தலைவர் பாக்க வந்தண்டு சிவப்பு எழுத்தாக் கொட்டினதெல்லோ அக்கா? மனுசன் பயந்து போனார். அதுதான் எல்லாப் பிழையையும் பிடிச்சு, மரியாதையா ஒரு வரி எழுத வைச்சனான்."

மரியாதை! கத்திவிட்டேன். கீழே கடைக்காரருக்கே கேட்டிருக்கும். பிறகு நானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், சீனி கூடப் போட்டு.

கார்த்திகை 12, புதன்

மூட்டம். மழை இல்லை. இன்றைய வேலை:

– சுதனின் மரியாதையைக் கழற்றுதல்
– ட்ரேஸ் முழுவதும் கோப்புக்குப் போகவேண்டும், பழையது அழியாமல்
– தானே எழும்புவதை நிறுத்துதல். விழுந்தால் விழுந்தபடி கிடக்கட்டும்
– பல் டொக்டர் (மறுபடி தள்ளு)

முதல் மூன்றும் மத்தியானத்துக்குள் முடிந்தன. ஓட்டினேன். விழவில்லை. மறுபடி. விழவில்லை. எப்படி விழும்? பரீட்சைக்குப் போட்ட நம்பர் எல்லாம் எங்கள் இருவருடைய போன்தான், இரண்டும் எப்போதும் வேலை செய்யும். ஒரு போனை நிறுத்திப் பார்த்தோம். மாற்று ஆளை ஒழுங்காகத் தேடிப் பிடித்தது. வேண்டாதபோது விழும், வேண்டும்போது விழாது. கழுதை.

பின்னேரம் அருமைநாயகம் அண்ணை வந்தார், குளத்தைப் பார்க்கும் கமக்காரர் அமைப்பின் தலைவர். குடையை மடிக்காமலே வாசலில் நின்றார்.

"வெள்ளி நாலு மணிக்குக் கதவை முழுக்கத் திறக்கிறம் பிள்ளை. ரெண்டு அங்குலம் இல்லை. மிசின் சரிவராட்டி இப்பவே சொல்லு, ஓட்டோவில லவுட்ஸ்பீக்கர் கட்டி விடுறன்."

"ஒழுங்கையில தண்ணி நிண்டா ஓட்டோ போகாதே அண்ணை."

"அதுதானே உன்னட்ட வந்தனான்."

என்ன தேடுகிறாய் என்று கேட்டார். சொன்னேன்: "ப்ரோகிராமில ஒரு வேலை இன்னொரு வேலையைக் கூப்பிடும், அது இன்னொண்டைக் கூப்பிடும். விழேக்க, எது எதைக் கூப்பிட்டு எங்க வந்து விழுந்ததெண்டு தடம் எழுதும். அந்தத் தடம் கிடைச்சாச் சரி."

"மாடு துலைஞ்சாக் குளம்படி பாத்துப் போறமே, அது மாதிரி."

"ஓம் அண்ணை."

"அப்ப எங்கட மாடு எங்க?"

"அது இன்னும் துலையேல்லை. துலைஞ்சாத்தான் தேடலாம்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "சிதம்பர சக்கரத்தைப் பேய் பாத்த மாதிரிக் கிடக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார். அவருக்குப் பின்னால் நான் நகம் கடித்துக்கொண்டு இருந்தேன். இந்த வயதில்.

கார்த்திகை 13, வியாழன்

அடைமழை. ஊரில் நேற்றிரவிலிருந்து கரண்ட் இல்லை. அம்மாவின் போன் வேலை செய்யவில்லை. வழமைதான்.

‘ஒத்திகை, பயப்படவேண்டாம்’ என்று குரல் பதிந்து, பத்து மணிக்கு உண்மையான நம்பர்களோடு ஓட்டினோம். விழுந்தது! "வந்திட்டுது அக்கா, வந்திட்டுது!" சுதன் பிள்ளை பிறந்ததுபோல் துள்ளினான். அன்னலட்சுமி மாமிக்கு ஒரு தரம்தான் போனது. நல்ல காலம்.

திரையில் ஓடி மறைந்துவிட்டது. கோப்பில் முழுவதும் இருந்தது. எத்தனையோ பக்கம். கீழிருந்து மேலே கண் எரிய வாசித்தால் இரண்டே வரிதான், மாறி மாறி. ‘வீட்டைத் தேடு.’ ‘மாற்று ஆளைத் தேடு.’ ‘வீட்டைத் தேடு.’ ‘மாற்று ஆளைத் தேடு.’ ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கி, இனி இறங்க இடமில்லை என்ற நிலையில் விழுந்திருக்கிறது.

விளங்கிவிட்டது. யாரோ இரண்டு பேர் ஒருவரை ஒருவர் மாற்று ஆளாகக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு போனும் ஒரே நேரத்தில் நிறுத்தம். அவா இல்லையா, இவாவைத் தேடு. இவா இல்லையா, அவாவைத் தேடு. முடிவே இல்லை. கரண்ட் போனால்தான் இரண்டு போனும் சேர்ந்து சாகும். செவ்வாயும் அப்படித்தான் நடந்திருக்கும். காய்ந்த அறைக்குள் இருந்துகொண்டு இதை எங்கே கண்டுபிடிப்பது.

ஆனால் யார்? ட்ரேஸ் எந்த வரியில் விழுந்தது என்று சொல்லும், யாருடைய வீட்டில் என்று சொல்லாது. ஒவ்வொரு படியிலும் பேரையும் எழுத வைத்து மறுபடி ஓட்டினேன், மாமிக்கு இரண்டாம் தரம்.

பரமேஸ்வரி. யோகேஸ்வரி. பரமேஸ்வரி. யோகேஸ்வரி. பரமேஸ்வரி.

அம்மாவும் சின்னம்மாவும்.

சுதன் வாசித்துவிட்டு, "உங்கட அம்மாவோ அக்கா?" என்றான்.

ஒன்பது வருடம். கூடப்பிறந்த இருவரும் பக்கத்துப் பக்கத்து வளவு. காணியைப் பிரித்து வேலி அடைத்தபோது கிணறு சின்னம்மாவின் பக்கம் போய்விட்டது. அன்றைக்கு இருவரும் பேசிய பேச்சு ஒழுங்கை முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு தீபாவளிப் பலகாரம்கூட வேலி தாண்டவில்லை. நான் வாய் தவறிச் சின்னம்மா பேரைச் சொன்னால் அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவா.

பதிவில் பிழை என்றுதான் நினைத்தேன். வீடு வீடாகப் போய்ப் பதிந்த ரஞ்சனுக்குப் போன் எடுத்தேன். ஊர்ப் பெடியன், நல்ல பிள்ளை.

"ரஞ்சன், மாறி எழுதிப் போட்டியோ?"

"இல்லை அக்கா. உங்கட போன் வேலை செய்யாட்டி ஆர் வந்து சொல்லுவினம் எண்டு கேட்டனான். ரெண்டு பேரும் தனித்தனியாத்தான் சொன்னவை." பிறகு, "மற்றவவுக்குச் சொல்லிப்போடாதை எண்டும் சொன்னவை. ரெண்டு பேரும்."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பிறகு கோபம் வந்தது. ஏன் என் நம்பர் இல்லை? ப்ரோகிராம் எழுதியது மகள். மகளின் போன் இருபத்துநாலு மணித்தியாலமும் கையில். ஒன்றுக்கு மூன்று பவர் பாங்க். பெற்ற தாய் என்னைக் கொடுக்கவில்லை.

ஏற்கெனவே தேடிய ஆளை மறுபடி தேடாதே. இருவரும் இல்லையென்றால் ‘ஆள் போகவேண்டும்’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போ. திருத்தம் ஆறு வரி. இந்தமுறை சுதனின் போனையும் என்னுடையதையும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் போட்டு, இரண்டையும் நிறுத்திவிட்டு ஓட்டினோம். விழவில்லை. நாளை நாலு மணிக்குத் திறக்கிறார்கள் என்று அம்மாவிடம் போய்ச் சொல்ல ரஞ்சனிடம் சொன்னேன். சொன்னானாம். அம்மா நெல் மூட்டையைப் பரணில் ஏற்றிக் கேட்டாவாம்.

கார்த்திகை 14, வெள்ளி

மழை விடவேயில்லை. கடையில் வாங்கிய இடியப்பம் அப்படியே இருக்கிறது.

பத்தரைக்குத் தலைவர். மூச்சு வாங்கியது. "பிள்ளை, நாலு மணி வரைக்கும் வைச்சிருக்கேலாது. மேல ஒரு குளக்கட்டு உடைச்சிட்டுது. பதினொண்டரைக்குத் திறக்கிறம். உடனே துடங்கு."

நாலு மணி என்றுதானே எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கும்.

புதுக் குரல் பதிந்து ஓட்டினேன். என் குரல் நடுங்கியது, மறுபடி பதிய நேரமில்லை. அ, இ, க. பேர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. த, ந. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ‘ப’.

‘பரமேஸ்வரி: நிறுத்தம். யோகேஸ்வரி: நிறுத்தம். ஏற்கெனவே தேடியது. ஆள் போகவேண்டும்.’

பிறகு ‘மகேஸ்வரி: கேட்டார்.’ சுதன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிக் கை தட்டினான். தாண்டிவிட்டது. நான் சாவியைத் தேடினேன்.

"நான் போறன்."

"அக்கா, இன்னும் அரைவாசிப் பேர் கிடக்கினம். இது திரும்ப விழுந்தா எனக்குத் தூக்கத் தெரியாது." அழுவான் போலிருந்தான். உண்மையைத்தான் சொன்னான். ஸ்கூட்டியில் போனாலும் அந்த மழையில் ஒரு மணித்தியாலம். ராமையா அண்ணனுக்கு இன்னும் அழைப்பு போகவில்லை.

இருந்துவிட்டேன். ரஞ்சனைப் போகச் சொன்னேன். அவன் அடுத்த ஒழுங்கையில் நடக்கமாட்டாத ஒருவரை ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தான். முடித்துவிட்டுப் போகிறேன் என்றான்.

‘ராமையா: கேட்டார்.’ கடைசிப் பேர் வரை போய் முடிந்தது. விழவேயில்லை. ஒரு சந்தோசமும் வரவில்லை. பதினொன்றரை.

ரஞ்சன்: "அக்கா, ரெண்டு வீட்டிலயும் ஆக்கள் இல்லை. அம்மான்ர கதவு திறந்து கிடக்கு. முழங்காலுக்கு மேல தண்ணி. கூப்பிட்டுப் பாத்தன்." பிறகு அவனுடைய போனும் போய்விட்டது.

முருகா. முருகா. வேறொன்றும் நினைக்க முடியவில்லை. தலைவரும் எடுக்கவில்லை. சுதன் தண்ணீர் கொண்டுவந்து தந்தான், கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு மணி போல் தெரியாத நம்பர். ஒரே இரைச்சல், பிள்ளைகள் கத்தும் சத்தம். "ஆர், மூத்தவளோ?"

ஒன்பது வருடத்துக்குப் பிறகும் தெரியாமல் போகுமா அந்தக் குரல்.

"கொம்மா பள்ளிக்கூடத்தில என்னோட நிக்கிறா. பயப்பிடாதை. இது இரவல் போன், வைக்கிறன்." பின்னால் அம்மாவின் இருமல்.

மேசையில் தலையை வைத்து அழுதேன். சுதன் யன்னலால் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நல்லவன்.

கார்த்திகை 15, சனி

வானம் வெளித்திருக்கிறது. சந்தி வரை பஸ், பிறகு ட்ரக்டர் பெட்டியில். கொண்டுபோனவை: மாற்றுச் சேலை இரண்டு, அம்மாவின் பிரசர் மாத்திரை, பாண், டோர்ச். சேலை ஒன்றுதான் முதலில் எடுத்தேன். திரும்பப் போய் இரண்டாவதை எடுத்தேன்.

பள்ளிக்கூட மண்டபம் நிறையச் சனம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ராமையா அண்ணன் மிச்ச ஆடுகளை மாமரத்தில் கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் தலையை ஆட்டினார். அன்னலட்சுமி மாமி, "மிசின் இண்டைக்கு ஏன் எடுக்கேல்லை?" என்று கேட்டா. போன் வராவிட்டால் இனிப் பொறுக்காது இந்த மனுசிக்கு.

அம்மாவும் சின்னம்மாவும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சாண் இடம். கதைக்கவில்லை.

"கொம்மாவுக்குச் சொல்லு, தேத்தண்ணி ஆறுது" என்றா சின்னம்மா, எனக்கு.

"குடிப்பன் எண்டு சொல்லு" என்றா அம்மா, அதுவும் எனக்கு.

எங்கள் ஒழுங்கை மகேஸ்வரி அக்கா போன் வந்ததும் ஒழுங்கையில் நின்று கத்தினாவாம். அதைக் கேட்ட சின்னம்மா படலையால் சுற்றி வரவில்லை, கத்தியால் வேலியை வெட்டிக்கொண்டு நேரே அம்மாவிடம் வந்தாவாம். "ரெண்டு வேலிக் கதியால் முறிஞ்சு போச்சு. போன மாசம்தான் ஊண்டினது" என்று அம்மா முறைப்பட்டா. அதற்குள் சின்னம்மா சோற்றுப் பார்சல் வாங்க எழும்பிப் போனா. இரண்டு பேருக்கும் சேர்த்து.

கேட்டேவிட்டேன். "ஏனம்மா என்ர நம்பரைக் குடுக்கேல்லை?"

"எந்த நம்பர்?"

"ரஞ்சன் கேட்டது. ஒம்பது வருசமாக் கதைக்காத ஆளைக் குடுத்திருக்கிறியள்."

அம்மா மாற்றுச் சேலையைப் பிரித்து மடியில் வைத்தா. கோபம் இல்லை முகத்தில். என் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டா.

"நீ போன் எடுப்பாய் பிள்ளை. அவள் வருவாள்."