நிழல் வராத கணக்குப் பாடம்

என்னங்க, முழங்கால் வலி குறைந்ததா? சாப்பாட்டுக்குப் பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்? நான் நன்றாக இருக்கிறேன்.

புதிய பாடத்திட்டத்தைப் பள்ளி முழுவதும் கொண்டுவரத்தானே ஓய்வு பெற்ற என்னை இவ்வளவு தூரம் அழைத்தார்கள்! இங்கே எல்லாரும் கணக்கு சார் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டுவார்கள். அவரோ, "ரெண்டு வருஷத்துல இதையும் மாத்திடுவாங்க மேடம், எதுக்கு வம்பு?" என்பார். புதுச் செருப்பை யாராவது போட்டு நடந்தால்தானே கடிக்கிறதா என்று தெரியும்? அதனால் நேற்று ஆசிரியர்கள் எல்லாரும் பார்க்க, ஒன்பதாம் வகுப்புக்கு நானே பாடம் எடுத்தேன். நிழலை அளந்து கொடிக்கம்பத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வெளியே போனதும் வானம் மூடிக்கொண்டது. நிழலே இல்லை! ஆசிரியர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கணக்கு சாருக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒரு கண்ணாடி கொண்டாங்கப்பா" என்றார். அதைத் தரையில் வைத்து, கம்பத்தின் நுனி அதில் தெரியும்வரை பின்னால் நகர்ந்து, கண்ணாடியிலிருந்து கம்பத்துக்கும் தனக்கும் உள்ள தூரத்தைப் பிள்ளைகளை அளக்கச் சொன்னார்.

"சார், ஒளி என் பாடம். என்கிட்ட பர்மிஷன் வாங்கினீங்களா?" என்றார் அறிவியல் டீச்சர்.

"அப்ப நீங்களே வந்து சொல்லிக்குடுங்க!"

மணி அடித்தும் பிள்ளைகள் நகரவில்லை.

மாலை நேரம்தான் கொஞ்சம் நீளம். உங்கள் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் போட்டதுதான் வேண்டும்.

அவசரமாக முடிக்கிறேன். இன்று அவர்கள் இருவரும் சேர்ந்து பாடம் எடுக்கிறார்கள். என்னைச் சும்மா வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

உங்கள்
டீச்சரம்மா