பாதியில் நின்ற ரவைகள்

இஞ்சேருங்கோ,

நீங்கள் கண்ணை மூடி ஏழு வருசம். இன்னும் உங்கடை பேரை எழுதக் கை கூசுது, அதாலை இப்பிடியே கூப்பிடுறன்.

ஒரு புதினம். நான் திரும்பவும் ரவை நிரப்பத் தொடங்கியிட்டன். ஓம், எங்கடை புரோசார்ட் வீட்டு பேஸ்மென்றிலை, நீங்கள் போனதோடை நான் துணி போட்டு மூடின அதே மெசினிலைதான். சுடுகழகத்திலை ரெண்டு பேரும் பிஸ்டலாலை சுட்டுப்போட்டு, வெறுங்கோதுகளைப் பொறுக்கி வந்து, புது வெடிமருந்தும் குண்டும் வைச்சு அமுக்குவமே, அந்த வேலை.

வேலையாலை நிண்டாப்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளேல்லை. துடைச்ச மேசையையே திரும்பத் துடைக்கிறன். கீழை போய்ப் பாத்தன். பழைய மருந்திலை புளிச்ச நெடி. கழகத்தாரைக் கேட்டு அதை அப்புறப்படுத்தி, புதுசு வாங்கினன்.

கோயிலிலை விக்டோரியா அக்கா, "அங்கை ஊர்ச் சண்டையிலை கேட்ட வெடி உனக்குக் காணாதே?" எண்டு கேட்டா. அங்கை வெடிச்சது ஒண்டும் என்ரை கையிலை இருக்கேல்லை அக்கா எண்டன். அவவுக்கு விளங்கிச்சுதோ தெரியாது.

போன சனிக்கிழமை மருந்து போட்டுக்கொண்டிருக்கேக்கை மேலை ரெலிபோன் அடிச்சுது. "வீடு இடிஞ்சாலும் பாதியிலை எழும்பாதை" எண்டுவீங்களே, எழும்பேல்லை. நிண்டுது. திரும்ப அடிச்சுது. பேந்தும் அடிச்சுது. கை கோதிலை, மனம் படியிலை.

அடிச்சது எங்கடை மகள் ஜெனி. அவள் இப்ப வேலை செய்யிற கடை பக்கத்திலைதான். சப்பாத்தும் கழட்டாமல் ஓடி வந்தாள்.

"அம்மா! ஏன் எடுக்கேல்லை?"

"மருந்து போட்டுக்கொண்டு இருந்தனான் பிள்ளை. அப்பா சொன்னவர்..."

"அப்பா டோர்வல் வேலைத்தலத்திலை பெட்டி ஏத்தேக்கை விழுந்த அண்டைக்கும் நீங்கள் இதிலைதான் இருந்தனீங்கள். எடுக்கேல்லை. பேந்து எனக்குத்தான் அடிச்சவை. நான் பள்ளிக்கூட ஒபிசிலை தனிய நிண்டு கேட்டனான்."

இத்தனை வருசத்திலை ஒருக்காலும் அவள் இதைச் சொன்னதில்லை. நான் நினையாத நாளும் இல்லை. எடுத்திருந்தால் உங்கடை குரலைக் கேட்டிருப்பனோ? இல்லாட்டி ஆரோ ஒரு மேலாளரின்ரை பிரெஞ்சைத்தான் கேட்டிருப்பனோ?

கோதுகள் அடுக்கின தட்டைப் பாத்தன். ரெலிபோன் அடிச்ச பதட்டத்திலை கன கோதுகளுக்குக் குண்டையும் வைச்சு மூடியிருக்கிறன். எதுக்குள்ளை மருந்து ரெண்டு தரம் விழுந்தது, எதுக்குள்ளை விழவேயில்லை? தெரியேல்லை.

"பிழையானதைச் சுட்டால் என்ன நடக்கும்?" எண்டாள்.

"துவக்கு கையோடை வெடிக்கும்."

அவள் ஜக்கெற்றைக் கழட்டிப்போட்டு உங்கடை கதிரையிலை இருந்தாள். "அப்ப எல்லாத்தையும் பிரிப்பம்."

நான் ரவையை உள்ளை பூட்டிப் பிரிக்கிற சுத்தியலைத் தட்டத் தட்ட, அவள் கழண்ட குண்டுகளைப் பொறுக்கினாள். கடைசி ரவையும் பிரிஞ்சாப்பிறகு சொன்னாள்.

"கீழை போக முதல் சொல்லுங்கோ அம்மா. நான் ரெலிபோன் அடிக்கமாட்டன். ஏறி வந்தாப்போலை நீங்கள் அடியுங்கோ."

"ஓம்" எண்டன். அவளின்ரை கண்ணைப் பாக்க எனக்கு ஏலேல்லை.

அவள் அடிக்கமாட்டாள். வேறை ஆரும் அடிச்சால்? கோவிக்காதேங்கோ, உங்கடை சட்டத்திலை ஒண்டை மாத்திறன். இனி அடிச்சால் எடுப்பன். பேந்து இறங்கி வந்து, செய்ததெல்லாத்தையும் பிரிச்சுக் கொட்டிப்போட்டு, முதலிலை இருந்து தொடங்குவன். எத்தினை தரமெண்டாலும்.

உங்கடை மனுசி,
ஜெனியின்ரை அம்மா,
றெஜினா