பதினஞ்சு குடுத்த வண்டி

ஆடி 14, வியாழன்

இன்னிக்கு என் கூட்டாளி ஏகாம்பரத்த வேலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயி வந்தேன். அவனோட பெரிய டீசல் வண்டிய நான்தான் ஓட்னேன். லிட்டருக்கு பதினஞ்சு கிலோமீட்டர் குடுக்குதுன்னு பத்து வருசமா டீக்கடையில அளந்துகினு இருந்தவன் அவன். நூத்தி இருபதுல பறப்பான், பத்து தேறுனா பெருசு. "பதினஞ்சா? வூட்லேர்ந்து தள்ளிகினு வந்தியா மச்சான்?"னு நானும் வுட மாட்டேன்.

இப்ப அவனுக்கு முதுகெலும்புல கட்டி. வண்டி கொஞ்சம் குலுங்குனாலே கத்துறான். அதனால போவசொல்லயும் வரசொல்லயும் அம்பதத் தாண்டல. காலையில ரொப்புன அதே திருப்போரூர் பங்க்ல திரும்ப டேங்க ரொப்பி கணக்கு பாத்தேன். கரீக்டா பதினஞ்சு.

பின்சீட்ல படுத்துகினு இருந்தவன்கிட்ட சொன்னேன். "நான் சொன்னப்ப எவன்டா நம்புனீங்க?"ன்னு சிரிச்சான். சிரிச்சதுல வலி வந்து கண்ண மூடிக்கினான். நான் வண்டிய நாப்பதுலயே வூட்டுக்கு உருட்னேன்.

அவன வூட்ல வுட்டுட்டு கோயிலாண்ட வண்டிய நிறுத்துனேன். முருகா, எங்களுக்கு பதினஞ்சு வாணாம். அவன் திரும்பவும் ஸ்டேரிங்க புடிச்சி பறந்து, வண்டி பத்து குடுத்தா போதும். மிச்சத்த டீக்கடையில நான் பாத்துக்கிறேன்.