எனக்கு முன்னால் ஓடியவள்

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மழை விட்டதும் அணைக்கட்டு வரை ஓடிவிட்டுத் திரும்பினேன். பதினான்கு மைல். வழக்கமாகத் தகராறு செய்யும் இடது முழங்கால் இன்று வாயைத் திறக்கவில்லை. நெஞ்சுதான் இரண்டு முறை படபடத்தது, கூடைக்குள் அடைத்த கோழி போல. சுவரோரம் நின்றேன். அடங்கியது.

பக்கத்து வீட்டு நோரா வேலியின் மேல் சாய்ந்துகொண்டு, "அம்பத்தொம்பது வயசுல ஓடி எவனைப் பிடிக்கப் போறே?" என்றாள். ஆட்டுப்பட்டியில் நின்ற அவள் புருஷன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. என் புருஷன் லெஸ்லி போய்ச் சேர்ந்த பிறகு என்னிடம் கிண்டலாகப் பேசும் ஒரே ஆள் அவள். மற்றவர்கள் எல்லாரும் என்னிடம் குரலைத் தாழ்த்தியே பேசுகிறார்கள்.

செப்டம்பர் 21 ஓட்டம். மேட்டு நிலத்தின் மேற்கு ஓரத்தில் ஆரம்பித்துக் கடல் தெரியும் வரை நாற்பது மைல். லெஸ்லி கடைசி ஐந்து வாரம் படுத்திருந்த நோயாளிகள் இல்லத்துக்குப் பணம் திரட்ட. முடித்தால் இவ்வளவு தருகிறேன் என்று கடையில் தொங்கவிட்ட தாளில் ஊரில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். வால்வு ஒன்று சுருங்கியிருக்கிறதாம். ஸ்கேன் எடுத்து முடிவு தெரியும் வரை ஓடக் கூடாது என்றார். தலையாட்டினேன். வரும் வழியில் ஓட்டத்துக்கு இரண்டு ஜோடி காலுறை வாங்கினேன்.

ஹேசலிடம் சொல்லவில்லை. ஸ்கார்பரோவிலிருந்து மகள் ஓடி வந்து என்ன செய்யப்போகிறாள்? அவளுக்கு அவள் வேலை.

செப்டம்பர் 9, திங்கள்

லெஸ்லி போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. அவன் தலையணை உறையை இன்னும் துவைக்கவில்லை.

செப்டம்பர் 14, சனி

நோராவுக்கு என்மேல் கோபம். வியாழக்கிழமை சாயங்காலம் நான் கல் சுவரோரமாக ஓடிப்போனேனாம், மஞ்சள் சட்டையோடு. மூன்று தடவை கூப்பிட்டாளாம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

வியாழக்கிழமை முழுக்க நான் ஹேசல் வீட்டில் இருந்தேன். பஸ் டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். நோரா டிக்கெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம், கிண்டல் மாதிரியும் இல்லாமல் நிஜம் மாதிரியும் இல்லாமல், "அப்போ உன் வாஃப்தான்டி அது" என்றாள்.

இந்தப் பக்கத்துப் பழைய பேச்சு. சாகப்போகிறவர்களுக்கு முன்னால் அவர்களுடைய உருவமே நடமாடும் என்பார்கள். இருபத்தாறு வருஷம் இந்த மேட்டில் தபால் கொடுத்தவள் நான்; ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு வாஃப் கதை உண்டு. நோராவின் மாமா துறைமுகத்தில் தன் உருவத்தையே நேருக்கு நேர் பார்த்தாராம். பயப்படாமல் நாலு திட்டுத் திட்டி, வீட்டுக்குப் போ என்று விரட்டினாராம். தொண்ணூற்றொரு வயது வரை இருந்தார்.

"பார்த்தா திட்டிடணும். திட்டலைன்னா அது போற இடத்துக்கு நீயும் போயிடுவே."

இதைச் சொல்லிவிட்டு மாவுக்குள் பன்றிக்கறி வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்று கொடுத்தாள். நன்றாக இருந்தது.

செப்டம்பர் 20, வெள்ளி

எண் வந்துவிட்டது. 61. ஊசியால் சட்டையில் குத்தி வைத்தேன். தோள்பட்டையில் கிழிந்திருந்த இடத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டியாயிற்று. நாளைக்கு மூடுபனி இருக்குமாம்.

பயமா? இல்லை. அது இல்லாததுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

நோராவின் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னல் வழியே என் வீடு தெரிகிறது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும். மறந்துவிடுவேன் என்பதற்காக இல்லை. நாளடைவில் வேறு மாதிரி மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன், அதற்காக.

காலை ஆறு மணிக்குத் தொண்ணூறு பேர் கிளம்பினோம். முதல் நிறுத்தம் வரை கூட்டமாகவே போனோம். பத்தாம் மைலில் பனி இறங்கியது. ஐந்தே நிமிஷத்தில் முன்னால் போனவர்களும் இல்லை, பின்னால் வந்தவர்களும் இல்லை. ஹெதர் புதர் சொட்டும் சத்தம், என் மூச்சு, எங்கோ ஒரு ஆடு. வழி எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். அதனால் நிம்மதியாகவே ஓடினேன்.

பதினேழாம் மைலில் இரண்டாவது நிறுத்தம். அங்கே கோர்டன் இருந்தான். கசாப்புக் கடை வைத்திருந்தவன், லெஸ்லியோடு பள்ளியில் படித்தவன். மேஜை மேல் பழக் கேக்கும் சீஸும் வெட்டி வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது.

"என்ன அவெரில், எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா?"

என்ன விட்டேன் என்று கேட்டேன். நான் அந்த இடத்தைத் தாண்டி இருபது நிமிஷம் ஆகிறதாம். தாளைக் காட்டினான். 61க்கு நேராகக் கோடு கிழித்து நேரம் எழுதியிருந்தது. டீ நீட்டினானாம், நான் வாங்கவில்லையாம். "ஒரு வார்த்தை பேசலியே நீ. மூஞ்சியைக்கூடக் காட்டல. சரி, ஓட்டத்துல கவனமா இருக்கேன்னு நினைச்சேன்."

யாரோ எண் மாறிப் போயிருப்பார்கள் என்றேன். அவனும் ஆமாம் என்றான். கேக்கைத் தின்றுவிட்டுக் கிளம்பினேன். பனிக்குள் போகும்வரை அவன் பார்வை என் முதுகில் இருந்தது தெரிந்தது.

இருபத்தைந்தாம் மைலில் இருந்த பெண் எனக்குப் பழக்கமில்லாதவள். ஸ்டோக்ஸ்லி பக்கமாம். அவள் என் எண்ணைப் பார்த்துவிட்டு, "அறுபத்தொண்ணா? மறுபடியுமா?" என்றாள். முன்னால் போனவளின் சட்டை எப்படி இருந்தது என்று கேட்டேன். அவள் என் தோளில் இருந்த கறுப்பு டேப்பைத் தொட்டாள். பத்து நிமிஷம் முன்னால் போயிருக்கிறாள்.

அங்கேயே நின்றிருக்கலாம். போர்வை இருந்தது, கார் இருந்தது. கேட்டால் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். நான் ஏன் முன்னைவிட வேகமாக ஓடினேன்?

இருபத்தொன்பதாம் மைலுக்குக் கொஞ்சம் முன்னால் பனி ஒரு கதவு போலத் திறந்தது. நாற்பது கெஜத்துக்கு அப்பால் அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

என் முதுகை நான் எப்போது பார்த்திருக்கிறேன்? ஆனாலும் தெரிந்துவிட்டது. என் இடது கால் கொஞ்சம் வெளியே வீசி விழும், லெஸ்லி அதைப் பார்த்துத்தான் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடிப்பான். அவளுக்கும் வீசியது. ஆனால் வலிக்கிற கால் மாதிரி இல்லை. ஏழு மணி நேரம் ஓடியவள் மாதிரியே இல்லை. சேறு தெறிக்கவில்லை. சரிவில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஏற, அவள் தட்டையான தரையில் போவது போலப் போனாள்.

பயம் வரவில்லை. பொறாமை வந்தது. நெஞ்சு மறுபடி அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அவளுக்கு இதெல்லாம் இல்லை, முடிந்துவிட்டது, எனக்கும் முடிந்தால் என்ன — என்று நினைத்தேன். நினைத்தேன் என்றே எழுதுகிறேன்.

வழியில் சிவப்புக் கொடிகள் நட்டிருந்தார்கள். ஒரு இடத்தில் அவள் கொடியை விட்டு இடப்பக்கம் இறங்கினாள். அந்தப் பக்கம் வீடு இல்லை, பாதை இல்லை. மூடிப்போன இரும்புக்கல் சுரங்கத்தின் குழி ஒன்றுதான் இருக்கிறது. அதில் விழுந்த ஆடுகளை யாரும் எடுக்கப் போவதில்லை. எனக்குத் தெரியும். இந்த மேட்டில் என்னைவிட யாருக்குத் தெரியும்?

தெரிந்துதான் நானும் இறங்கினேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கம்பி வேலி ஒரு இடத்தில் சாய்ந்து கிடந்தது. அதைத் தாண்டினேன். அவள் விளிம்பில் நின்றிருந்தாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல. பத்தடி இருக்கும். என் காலடியில் ஒரு கல் உருண்டு போயிற்று. விழுந்த சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. வரவில்லை. அப்புறம் வந்தது.

அந்தச் சத்தத்தில் அவள் தலை கொஞ்சம் அசைந்தது. திரும்பப் போகிறாள்.

அந்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடைசி வாரத்தில் லெஸ்லியின் முகம் எப்படி இருந்ததோ அப்படி இருக்கும். அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இதை யார் பார்ப்பது? ஹேசல்தானே. சாயங்காலம் போலீஸ்காரன் வந்து கூப்பிட்டுக்கொண்டு போய், துணியை விலக்கி...

வாய் தானாகத் திறந்தது. தபால் கொடுக்கப் போகும்போது பண்ணை நாய்களை அதட்டுகிற குரல்; பத்து வருஷமாக அதை எடுக்கவில்லை.

"ஏய். உனக்கு இங்க என்ன வேலை? யாரைக் கூட்டிட்டுப் போக வந்தே? நான் வரல. போ. வீட்டுக்குப் போ."

அவள் தோள் இரண்டும் தணிந்தன. திட்டு வாங்கின நாய்க்குத் தணிவது போலவே. தலையைக் குனிந்துகொண்டு திரும்பி என் பக்கமாக நடந்து வந்தாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் கடந்து போனாள். காலடிச் சத்தம் கேட்டது. மூச்சுச் சத்தம் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் புதரில் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. நடந்து, தவழ்ந்து, கொடிக்கு வந்து, முப்பத்தொன்றாம் மைலில் சாலையை அடைந்தேன். கோர்டன் மேஜையோடு அங்கே வந்திருந்தான். முதல் வேலையாகத் தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். 61க்கு நேராக ஒன்றும் இல்லை. எண்ணைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். ஏன் என்று கேட்காமல் காரின் சூட்டைக் கூட்டினான்.

ஊருக்குள் வரும்போது வெளிச்சம் இருந்தது. நோரா கேட்டில் நின்றாள். கோர்டனின் காரிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்து அவள் முகம் போன போக்கு...

"ஏண்டி, நீ மூணு மணிக்கே வந்துட்டியே. உள்ளே போறதைப் பார்த்தேன். கதவைத் தட்டினேன், திறக்கல. குளிக்கிறேன்னு நினைச்சேன்."

வீட்டுக்குப் போ என்று சொன்னேன். எந்த வீடு என்று நினைத்துச் சொன்னேன்?

சாவி என் இடுப்புப் பையில் இருந்தது. கதவு பூட்டியபடியே இருந்தது. கோர்டன்தான் முதலில் நுழைந்தான். கீழே பார்த்தான், மாடியில் பார்த்தான். யாரும் இல்லை. சமையலறைக்கு வந்து கெட்டிலின் மேல் கை வைத்தான். உடனே எடுத்துவிட்டான்.

மேஜையில் இரண்டு கப் இருந்தன. ஒன்று லெஸ்லியுடையது.

"காலையில நீ எடுத்து வெச்சுட்டுப் போனதா?" என்று மெதுவாகக் கேட்டான்.

ஆமாம் என்றேன். அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்றான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஹேசல் வந்தாள். டாக்டர் சொன்னது, நான் மறைத்தது, குழி — எல்லாவற்றையும் சொன்னேன். வாஃப் என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அப்பா போனப்போ உனக்கு மட்டும்தான் போச்சுன்னு நினைச்சியாம்மா?" என்றாள்.

நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நாளைக்கு ஆஸ்பத்திரி. துணிமணி எடுக்க ஹேசலே என் வீட்டுக்குள் போனாள். சீக்கிரம் வந்துவிட்டாள். வீட்டில் யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கிறது என்றாள்.

அக்டோபர் 17, வியாழன்

வால்வை மாற்றிவிட்டார்கள். நெஞ்சில் தையல் ஒரு சாண் நீளம். சிரித்தால் வலிக்கிறது, இருமினால் உயிர் போகிறது. அறுவை செய்தவர் பழைய வால்வைப் பற்றிச் சொல்லிவிட்டு, "இதை வெச்சுக்கிட்டு முப்பத்தோரு மைலா?" என்று இரண்டு தடவை கேட்டார். மிச்சம் ஒன்பது மைல் ஓடியிருந்தால் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

முடிக்கவில்லை என்று தெரிந்தும் தாளில் கையெழுத்துப் போட்ட ஒருவர் விடாமல் எல்லாரும் பணம் கொடுத்திருக்கிறார்கள். இல்லத்துக்கு அனுப்பியாயிற்று. அழுதேன். தையல் இழுத்தது.

நவம்பர் 30, சனி

ஸ்கார்பரோவில் ஹேசல் வீட்டுப் பின் அறை எனக்கு. கடற்பறவைகள் கூரையில் நடக்கும் சத்தம் முதல் வாரம் தூக்கிவாரிப் போட்டது. இப்போது பழகிவிட்டது.

பிப்ரவரி 11, செவ்வாய்

டாக்டர் அனுமதித்துவிட்டார். காலையில் கடற்கரையில் ஒரு மைல் ஓடினேன், நடை மாதிரியான ஓட்டம். நாய் ஒன்று துரத்தியது.

மத்தியானம் நோரா போன் செய்தாள். ஆடுகள், மழை, புருஷனின் முதுகுவலி. என் வீட்டுப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. நான்தான் வீட்டைப் பற்றிக் கேட்டேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு விளக்கு எரியுமாம். முதலில் பயந்தாளாம், இப்போது இல்லையாம். போன வாரம் அந்த இன்னொருத்தி ஜன்னலில் நின்றதைப் பார்த்தாளாம். உள்பக்கம் திரும்பி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாளாம்.

"எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"சந்தோஷமாத்தான் இருக்கா போல. உனக்கு எடுத்து அனுப்பவா ஏதாவது, அங்கேருந்து?"

வேண்டாம், எல்லாம் அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

வீட்டை விற்றுவிடலாமா என்று ஹேசல் போன வாரம்தான் கேட்டிருந்தாள். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடவேண்டும். காரணம் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஹேசல் ஆறரைக்கு வேலையிலிருந்து வருவாள். உருளைக்கிழங்கு தோல் சீவ வேண்டும்.