இருநூற்று நாற்பதாம் எண் ஜெட்

அன்புள்ள உலாயு அக்காவுக்கு,

நிவியாக் எழுதுகிறேன். அப்பா பக்கத்தில் இருந்தால் முதுகைத் திருப்பிக்கொண்டு படி. மஞ்சள் பனிவண்டியை இன்று கிளப்பாதே. கிளப்பியே ஆகவேண்டும் என்றால் விசையைப் பாதிக்கு மேல் அழுத்தாதே. மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

உறைக்குள் பஞ்சில் சுற்றி ஒரு பித்தளைத் துண்டு வைத்திருக்கிறேன். நகத்தளவுதான் இருக்கும். நடுவில் துளை, பக்கத்தில் 280 என்று பொறித்திருக்கும். அதுதான் உன் வண்டியின் ஜெட், இன்ஜினுக்குப் பெட்ரோலை அளந்து விடும் துண்டு. வண்டிக்குள் இப்போது இருப்பது 240. நீங்கள் கிளம்புவதற்கு முந்தின மாலை அதை மாற்றியது நான்தான்.

இங்கே அம்மா சௌக்கியம். தம்பிக்கு இருமல் குறைந்துவிட்டது. நீ முதல் மான் அடித்த செய்தி வந்ததிலிருந்து ஊரே நீ பிரித்துத் தரப்போகும் பங்குக்குத் தட்டோடு காத்திருக்கிறது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் ஹீட்டர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது எழுந்து வந்தால் இதைச் சட்டைக்குள் செருகிக்கொள்வேன்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். மூன்று வருடமாக அந்தக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவது நான். மிதவை எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும், ஊசியின் கொக்கி எந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உனக்கு ஸ்பார்க் பிளக்கைக் கூடக் கழற்றத் தெரியாது. வேட்டைக்கு நானும் வருகிறேன் என்று கேட்டபோது அப்பா என் முகத்தைப் பார்க்காமலே, "உனக்குப் பரீட்சை இருக்கில்ல, படி. அம்மா வரட்டும் என்கூட" என்றார். அவருடைய செத்துப்போன அம்மாவின் பெயரை உனக்கு வைத்ததும், அதனால் அவர் உன்னை அம்மா என்றே கூப்பிடுவதும் உன் தப்பில்லை. ஆனால் நீ எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு வருடத்தில் எல்லோரும் ஆசைப்படும் அந்த மான் நாக்கு ஒருநாள்கூட என் தட்டில் விழவில்லை. "அம்மாவுக்குக் குடு, அம்மாவுக்குக் குடு." என்னை அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

சின்ன ஜெட் போட்டால் வண்டி முக்கும், இழுக்காது, அப்பா எரிச்சலாகி, "நிவியாக் இருந்தா ஒரு நொடியில சரிபண்ணியிருப்பா" என்று சொல்வார் என்று நினைத்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் செய்தேன்.

வண்டி முக்கவில்லை. நீங்கள் கிளம்பிய அன்று மாலை ரேடியோவில் நீ கத்தினாய்: "மாமாவை முந்திட்டேன்! வண்டி என்னமா பறக்குது தெரியுமா!" அப்பா சிரித்துக்கொண்டே, "எங்கம்மா ஓட்டுறா, எனக்கென்ன கவலை" என்றார். ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் அந்தப் பெட்டி பேசுகிறது, உனக்குத் தெரியாததில்லை. மறுநாள் கடைக்காரி மாட்டா என்னைப் பார்த்து, "உங்கப்பன் இந்த வயசுல அம்மா மடியில உக்காந்து வேட்டைக்குப் போறானாமே! நீ ஏண்டி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?" என்று கேட்டுச் சிரித்தாள். நான் பாலை வாங்காமலே வந்துவிட்டேன்.

இன்று சித்தப்பாவிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன், குளிரில் சின்ன ஜெட் போட்டால் என்ன ஆகும் என்று. அவர் தேநீரை உறிஞ்சியபடி, "முதல்ல ஜோரா ஓடும். ஓட்டுறவன் ஊரெல்லாம் பீத்திக்குவான். அப்புறம் டொக்குன்னு ஒரு சத்தம். பிஸ்டன்ல ஓட்டை. அப்புறம் நடராஜா சர்வீஸ்தான், கால் இருந்தா" என்றார். உடனே வீட்டுக்கு ஓடிவந்து 280-ஐத் தேடி எடுத்தேன்.

அது எப்படி என்று சொல்கிறேன். இன்ஜின் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று கார்புரேட்டரின் இடுங்கிய தொண்டை வழியாக வேகமாகப் போகும்போது, கீழே கிண்ணத்திலிருக்கும் பெட்ரோலை உறிஞ்சி மேலே எடுக்கிறது. விசையை முழுக்க அழுத்தும்போது எவ்வளவு பெட்ரோல் ஏறலாம் என்று தீர்மானிப்பது ஜெட்டின் துளை. குளிர் ஏற ஏறக் காற்று அடர்த்தியாகிறது, அதற்குப் பெட்ரோலும் கூடுதலாக வேண்டும். நீங்கள் கிளம்பிய அன்று மைனஸ் எட்டு, அதற்கு 240 சரியான அளவு, அதனால்தான் பறந்தது. நாளை மைனஸ் முப்பத்தெட்டு என்று கடைக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் குளிரில் 240 போதாது. பெட்ரோலோடுதான் எண்ணெயும் போகிறது. அது குறைந்தால் பிஸ்டன் காய்ந்து, சூடேறி, உருகிவிடும். நாளை மதியம் கறியை எடுத்துவர வளைகுடா உறைபனியைத் தாண்டித் தனியாகப் போகப் போவதாக நீ ரேடியோவில் சொன்னாய்.

மாற்றுவது கஷ்டமில்லை. நீங்கள் தங்கியிருக்கும் வேட்டைக் குடிசைக்குப் பக்கத்திலேயே வைத்துச் செய். பெட்ரோல் குழாயை மடக்கிக் கட்டு. இரண்டு பக்கத்துப் பட்டைகளையும் தளர்த்தினால் கார்புரேட்டர் கையோடு திரும்பும். அடியில் பெரிய மூடி ஒன்று இருக்கும். கீழே ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டு அதைத் திற. உள்ளே ஜெட் தெரியும். 240-ஐக் கழற்றி 280-ஐப் போடு. இறுக்கி முறுக்காதே, பித்தளை மென்மையானது. வெறுங்கையில் பெட்ரோல் படவிடாதே, இந்தக் குளிரில் தோல் உறைந்து போய்விடும். பக்கத்திலிருக்கும் காற்று ஸ்குரூவை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடு. நாலைந்து மைல் ஓட்டிவிட்டு, வண்டியிலிருக்கும் குழாய்ச் சாவியால் பிளக்கை இடப்பக்கம் திருகிக் கழற்றிப் பார். நுனி தேநீர் நிறத்தில் இருந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் உடனே நிறுத்து.

இவ்வளவையும் எழுதி, சித்தப்பா உங்களுக்குக் கொண்டுவரும் மாவு மூட்டைக்குள் செருகிவிட்டால் போதும், அப்பாவுக்குத் தெரியாமலே முடிந்துவிடும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். தெரிந்தால் இனிமேல் எந்த இன்ஜினையும் என்னைத் தொடவிடமாட்டார். வேறெதற்கும் எனக்கு இவ்வளவு பயமில்லை.

ஆனால் சித்தப்பா ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் பதினொன்றுக்கு அங்கே வரமுடியும். அவர் என்றைக்கு ஐந்து மணிக்குக் கிளம்பியிருக்கிறார்? கையுறையைத் தேடுவார், இன்னொரு தேநீர் குடிப்பார், எட்டாகிவிடும். நீ பன்னிரண்டுக்குப் போய்விடுவாய். இதை எழுத எழுதத்தான் எனக்கு உறைத்தது.

அதனால் காலை ஏழு மணிக்கு நீங்கள் ரேடியோவைப் போட்டதும் நானே பேசப்போகிறேன். ஜெட்டை மாற்றியது நான், சித்தப்பா வரும்வரை வண்டியைத் தொடாதே என்று சொல்வேன். மாட்டாவும் கேட்பாள், என் டீச்சரும் கேட்பார். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ எல்லாவற்றையும் கேட்டு முடித்திருப்பாய். முதலில் எழுதிய வரிகளை அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். எனக்காக அப்பாவிடம் பரிந்து பேசாதே. உன் பரிவை என்னால் தாங்க முடியாது.

பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது. எரியட்டும். நீ பத்திரமாக வந்து சேர். அப்பா எனக்கு எதிரிலேயே உன்னை அம்மா என்று கூப்பிட வேண்டும், நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமன் மகள்,
நிவியாக்