பச்சை நூல்கண்டு

என் அன்பான வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் மகளும் மாப்பிள்ளையும் இரட்டைக் குட்டிகளும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் பயப்படாதே. இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடிதத்தைக் கண்டதும் உன் நெஞ்சு படபடத்திருக்கும். யார் கையெழுத்து இது என்று திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். என்னுடையதுதான். வேறு யாரும் எழுதித் தரவில்லை. உன் புருஷன் தன் கையால் எழுதுகிறான்! இந்த இடம் வரைக்கும் வந்து சேர இரண்டு நாள் ஆனது.

முப்பத்தைந்து வருஷமாக நீ எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறேன் என்று கூப்பிட்டபோதெல்லாம், "நீ இருக்கும்போது எனக்கு எதுக்கு?" என்று நழுவிக்கொண்டிருந்தேன். நீ மகளுக்கு ஒத்தாசையாகப் போன பிறகுதான் அந்தப் பேச்சின் வண்டவாளம் தெரிந்தது. தண்ணீர் வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவை எத்தனை தடவைதான் தட்டுவது? எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் தங்கச்சிதான் ஒருநாள், "அண்ணே, சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் கொட்டாவிதானே விடுறீங்க, இங்க வந்து உட்காருங்க" என்று பழைய வார்டு பட்டியலின் பின்பக்கத்தில் ஆரம்பித்து வைத்தாள். ஏழு மாதம் ஆகிறது. இப்போது பேருந்தின் பலகையை அது நிற்பதற்கு முன்பே படித்துவிடுகிறேன். போகிற வழியில் உள்ள கடைப் பெயர்களை எல்லாம் சத்தமாகப் படிக்கிறேனாம். நேற்று பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

உன்னிடம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் மகள் வீட்டுப் போன் எப்போதும் ஸ்பீக்கரில் கிடக்கிறது. நான் "என்னம்மா" என்றால் மகள் சமையலறையிலிருந்து பதில் சொல்கிறாள், மாப்பிள்ளை "மாமா, எப்ப வர்றீங்க?" என்கிறார், குட்டிகள் இரண்டும் போனை நக்குகின்றன. ஒரு புருஷன் தன் பெண்டாட்டியிடம் கேட்க நினைப்பதை ஒரு குடும்பமே கேட்டுக்கொண்டிருந்தால் அவன் என்னத்தைக் கேட்பான்? அதற்காகத்தான் இந்தக் கடிதம். படித்ததும் உன் பெட்டிக்குள் வைத்துவிடு.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். மாப்பிள்ளையின் சிநேகிதர் அந்தப் பெரிய ஹோட்டல் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை தருகிறேன் என்கிறார். இப்போது வாங்குவதைப் போல ஒன்றரை மடங்கு சம்பளம். மகள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். ஒன்றாம் தேதிக்குள் சரி, இல்லை என்று சொல்ல வேண்டும். போன மாதம் நான் வந்தபோது மாப்பிள்ளை அழைத்துப் போய்க் காட்டினார் அல்லவா? பொய் சொல்லக் கூடாது, நல்ல இடம். தரை கண்ணாடி மாதிரி. மூட்டை தூக்கும் வேலையே இல்லை. எந்தத் துணி எந்த மாடிக்கு என்பதை மெஷினே பார்த்துப் பிரித்துவிடுகிறது. "ஐயா, நீங்க பட்டனை அழுத்தினா போதும்" என்றார் மேலாளர், மரியாதையான மனுஷன். சத்தம் தாங்காமல் எல்லோரும் காதை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் கையால்தான் பேசிக்கொள்கிறார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் நீ "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாய். நான் "பிரமாதம்" என்றேன். பக்கத்தில் மாப்பிள்ளை நின்றார். போன ஞாயிறு நீ போனில், "நல்ல சம்பளம், வந்துடுங்க" என்றாய். பக்கத்தில் மகள் நின்றாள். சொன்னதும் தொண்டையைச் செருமினாய். உன் செருமலை எனக்குத் தெரியாதா? ஆனால் அது எந்தச் செருமல் என்றுதான் தெரியவில்லை. சளியாகவும் இருக்கலாம். பதினோரு மாதம் பக்கத்தில் இல்லாததால் எனக்கும் பழக்கம் விட்டுப்போய்விட்டது.

இங்கே நடந்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ புறப்படுவதற்கு முன் மூலையில் நூல் தைத்து வைத்துவிட்டுப் போன விரிப்புகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. பிரசவ வார்டுக்குச் சிவப்பு, எலும்பு வார்டுக்கு நீலம், குழந்தைகள் வார்டுக்குப் பச்சை என்று உன் மெஷினில் நீ போட்ட தையலை வைத்துத்தானே இத்தனை வருஷம் ஒரு விரிப்பு மாறாமல் பிரித்துப் போட்டேன். புதுசாக எண்பது விரிப்பு வந்தது, நூல் இல்லை. இஸ்திரித் தங்கச்சி, "மெஷினைக் கொண்டு வாங்கண்ணே, நான் தைச்சுத் தர்றேன்" என்றாள். மெஷினில் ஊசி உடைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஊசி உடையவில்லை.

சரி, நமக்குத்தான் எழுத வருமே என்று ஒரு பேனா வாங்கினேன். அழியவே அழியாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். நாற்பது விரிப்பில் மூலைக்கு மூலை 'குழந்தைகள்', 'குழந்தைகள்' என்று எழுதினேன். என்ன அழகு தெரியுமா! எழுதிய சந்தோஷத்தில் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளோடு சேர்த்து எல்லாவற்றையும் கொதிநீர் மெஷினில் போட்டுவிட்டேன். வெளியே எடுத்தால் மொத்தக் கோட்டும் ஊதா. மேற்பார்வை பார்க்கும் அம்மா வந்தார். ஒரு கோட்டைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். என் வேலை போச்சு என்றே நினைத்தேன். "ஐயா, எழுத்து நல்லா வந்திருக்கு. ஆனா இனிமே நோட்டுல எழுதுங்க" என்றார். இஸ்திரித் தங்கச்சி சிரித்துச் சிரித்து மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து இரண்டு நாள் வெளுத்தோம். ஒரு எலும்பு டாக்டர் மட்டும் இன்னும் லேசான ஊதாவில்தான் நடமாடுகிறார்.

இதைப் படித்ததும் நான் இங்கேயே இருக்க ஆசைப்படுகிறேன் என்று முடிவு கட்டிவிடாதே. என் ஆசையை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீ அதையே உன் ஆசை என்று சொல்லிவிடுவாய். இத்தனை வருஷமாக அதைத்தானே செய்திருக்கிறாய்.

நீ அங்கே நிம்மதியாக இருக்கிறாயா? குட்டிகளை விட்டு வர உனக்கு மனசு வருமா? உனக்கு அந்த ஊர் பிடித்துப்போயிருந்தால் நாளைக்கே இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு வருகிறேன். பட்டன் அழுத்த எனக்குத் தெரியாதா? இல்லை, திரும்பி வர நினைக்கிறாய், சொல்லத்தான் வாய் வரவில்லை என்றால், அதையும் எனக்குச் சொல்லு.

எப்படிச் சொல்வது என்றும் யோசித்துவிட்டேன். ஞாயிறு போன் பேசும்போது நீ எப்போதும் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா?" என்று ஒரே மூச்சில் கேட்பாய். இந்த ஒரு வாரம் ஒன்றை மட்டும் கேள். நான் அங்கே வர வேண்டும் என்றால் சாப்பாட்டைக் கேள். நீ இங்கே வர வேண்டும் என்றால் மாத்திரையைக் கேள். யாருக்கும் சந்தேகம் வராது.

நீ எதைக் கேட்டாலும் எனக்குச் சம்மதம்.

என்றும் உன்,
வீட்டுக்காரன்

*

என் அன்பான வீட்டுக்காரிக்கு,

நலம். முந்தைய கடிதத்துக்கு ஆறு நாள் ஆனது. இதை ஒன்றரை நாளில் முடித்துவிடுவேன் என்று பார்க்கிறேன்.

உன்னைப் போல ஒரு பெண்ணை நான் பார்த்ததே இல்லை. அத்தனை தெளிவாக எழுதியிருந்தேனே! ஞாயிறு காலையில் குளித்து, சட்டை மாற்றி, போன் முன்னால் உட்கார்ந்திருந்தால், நீ எடுத்த எடுப்பில் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா?" என்றாய். பழக்கம்! கேட்ட பிறகு நீயே நாக்கைக் கடித்துக்கொண்டது இங்கே எனக்குக் கேட்டது. நான் என்ன செய்வேன்? "ரெண்டும் ஆச்சு" என்றேன். அதற்கு மேல் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. மாப்பிள்ளை, "மாமா, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டார்.

அப்புறம்தான் நீ கேட்டாய். "ஏங்க, பச்சை நூல் எத்தனை கண்டு மிச்சம் இருக்கு?"

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. மகள், "அம்மா, இப்ப எதுக்கு நூலு?" என்றாள். பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, உன் தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்து, பச்சைக் கண்டுகளை எடுத்துக் கட்டிலில் வைத்து எண்ணினேன்.

மாப்பிள்ளைக்கு நேற்றே போன் செய்து, ஹோட்டல் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். மறைக்காமல் சொன்னார். நல்ல மனுஷன். மகளிடம் நீதான் சொல்ல வேண்டும். அவசரப்படாதே. குட்டிகளைப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்றாயே, அதுவரை இருந்து, அவர்கள் அங்கே அழாமல் பழகிய பிறகு வா. அவள் அழுதால் நீயும் சேர்ந்து அழுதுவிடு, ஆனால் முடிவை மாற்றிவிடாதே. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நாம் இருவரும் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருவோம். மேற்பார்வை அம்மாவிடம் இப்போதே கேட்டு வைத்துவிட்டேன். "போயிட்டு வாங்கய்யா, பேனாவை மட்டும் கையோட எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்.

அந்த நாற்பது விரிப்பும் வெளுத்து, மடித்து, அலமாரியில் மேல்தட்டில் இருக்கின்றன. மீதி நாற்பதும் அவற்றோடுதான். குழந்தைகள் வார்டுக்குப் பழைய விரிப்பை வைத்தே இரண்டு மாதம் சமாளிக்கிறோம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். ஊசி சரியாகிவிட்டது என்று இஸ்திரித் தங்கச்சியிடம் சொன்னேன். "அது எப்ப உடைஞ்சுதுண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

நீயும் மகளும் குட்டிகளும் நன்றாக இருக்க வேண்டும். பயணத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார், கனமான பெட்டி எதையும் நீ தூக்காதே, நான் நிலையத்துக்கு வந்துவிடுவேன். பலகையைப் படித்து, நீ எந்த வண்டியில் வருகிறாய் என்று யாரையும் கேட்காமல் நானே கண்டுபிடித்து நிற்பேன்.

பச்சை நூல் இரண்டு கண்டு இருக்கிறது. நான் வேறு வாங்கவில்லை. நீ வந்து பார்த்து வாங்கு.

உன்,
வீட்டுக்காரன்