ஐந்து பாவாடையோடு உச்சிக்கு

ஜூன் 28

பதினோரு வருஷமாக இந்த முகாமில் சமைக்கிறேன். மலையேற வருகிறவர்களை நள்ளிரவில் எழுப்பி, சூப் கொடுத்து, வாசலில் நின்று அனுப்புவேன். விளக்குகள் வரிசையாகப் பனியில் ஏறிப் போகும். நான் பாத்திரம் தேய்க்கப் போவேன்.

இன்று கேட்டே விட்டேன், என்னையும் ஒருநாள் கூட்டிப்போங்கள் என்று. வழிகாட்டியைக் கட்டிக்கொண்டு வேறு யாரிடம் கேட்பது? என் வீட்டுக்காரர் எலோஹியோ சிரித்தார். பாவாடையோடா என்றார்.

ஜூன் 30

கால்சட்டை போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். லாமா மந்தை மேய்த்ததும் பிள்ளை பெற்றதும் பாவாடையோடுதான். மலைக்கு மட்டும் என்ன கேடு?

கடைசியில் எலோஹியோ சம்மதித்தார். "ஒரே ஒரு தடவ கால் தடுக்கினாலும் அங்கயே திரும்பிரணும். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

சரி என்றேன். வாழ்நாளுக்கும் ஒரே வாய்ப்பு!

ஜூலை 3

பனியில் வழுக்காமல் இருக்க பூட்ஸில் இரும்பு முள்தகடு மாட்டி, முகாமுக்குப் பின்னால் நடந்து பழகினேன். இரண்டு தடவை விழுந்தேன். நல்லவேளை, பார்த்தது என்கூடச் சமைக்கும் தெயோடோரா மட்டும்தான். ஒன்றன்மேல் ஒன்றாக நான் உடுத்தும் ஐந்து பாவாடையையும் முள்ளில் மாட்டாதபடி முழங்காலுக்கு ஏற்றி ஊக்குக் குத்திவிட்டாள். பன்னிரண்டு ஊக்கு.

ஜூலை 4

பயமாக இருக்கிறது.

ஜூலை 6

போய் வந்துவிட்டேன். நேற்று எழுதக் கை வரவில்லை.

இரவு ஒரு மணிக்குப் புறப்பட்டோம். பனி தொடங்கும் இடத்தில் அவர் கோக்கா இலையைப் படையல் வைத்து, சாராயம் தெளித்து, எங்கள் சாமியான மலைத் தாத்தாவிடம் சொன்னார்: "இவ காசிமிரா. இத்தன வருஷமா உங்க காலடியில சமைச்சவ. மேல வர விடுங்க." எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆள் நல்லவர், வாய்தான் அப்படி.

அப்புறம் ஒவ்வொரு அடியும் எண்ணி எண்ணித்தான். கால்விரல் மரத்துவிட்டது. உச்சிக்குக் கீழே ஒடுக்கமான முகட்டில் வானம் வெளுக்கும்போது — எங்கள் இருவரையும் பிணைத்த இடுப்புக் கயிறு வெடுக்கென்று இழுத்தது. கையிலிருந்த பனிக்கோடாரியைத் தரையில் குத்தி அதன்மேலே படுத்துவிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு!

பார்த்தால் நான் விழவில்லை. முன்னால் போன எலோஹியோ, தன் முள்தகடு தன் கால்சட்டையிலேயே மாட்டி, சரிவில் கிடக்கிறார்.

எழுந்து பனியைத் தட்டிக்கொண்டார். எனக்கா வாய் சும்மா இருக்கும்?

"கால் தடுக்கிருச்சே. திரும்பிரலாமா?"

"பேசாம நட," என்றார். தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறார்!

உச்சியில் சூரியன் வந்ததும் பன்னிரண்டு ஊக்கையும் கழற்றிப் பாவாடையை விரித்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

ஜூலை 14

நாளை தெயோடோரா ஏறுகிறாள், என் கயிற்றில், நான் முன்னால். எங்களைச் சீக்கிரம் படுக்கச் சொல்லிவிட்டு எலோஹியோ சூப் வைக்கிறார். ருசி பார்த்தேன், உப்புக் கரிக்கிறது. சொல்லவில்லை. பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு வந்து படுத்துவிட்டேன்.